கரும்புச் சக்கையில் நாற்றுத் தொட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்துக் கரும்புச் சாறு கடைகளில் சக்கை சும்மாவே கிடைக்கும். அள்ளிக்கொண்டு போனால் சரி என்பார்கள். அதோடு ஊறிய செய்தித்தாளை அரைத்து, வடித்த கஞ்சி விட்டுப் பிசைந்து, கொட்டாங்கச்சிக்குள் அழுத்திக் காயவைத்தால் கத்தரி, மிளகாய் நாற்றுக்குத் தொட்டி தயார். தொல்லை அப்புறம்தான்: எறும்பு மொய்த்தது, வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது, நாற்றின் இலையும் மஞ்சளானது.

எறும்புக்குக் காரணம் சக்கையில் மிச்சமிருந்த இனிப்பு. ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசியதும் நின்றது. பூஞ்சைக்குத் தீனி கஞ்சி. அதைக் குறைத்து, பசுஞ்சாணமும் தேங்காய் நாரும் சேர்த்தேன். விரிசல் விடாமல் பிடிப்பது நார்தான். கடலூரின் கடற்காற்றில் நிழலில் உலர்த்தினால் உள் ஈரம் போகவே போகாது. நல்ல வெயில் வேண்டும்; ஐப்பசி மழைக்கு முன்பே செய்து வைத்துவிடுவது உத்தமம்.

இலை மஞ்சளானது வேறு கதை. காகிதத்தையும் சக்கையையும் மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்கின்றன. கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரை நன்றாக நீர்க்கவிட்டு ஊற்றினேன், பச்சை திரும்பியது.

நடும்போது தொட்டியை விளிம்புவரை மண்ணுக்குள் புதையுங்கள். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், விளக்குத் திரிபோல ஈரத்தை மேலே இழுத்து வெயிலில் விட்டுவிடும், வேர் காய்ந்துபோகும். அடியையும் கொஞ்சம் கிழித்துவிட்டால் வேர் சுலபமாக இறங்கும். பளபளப்பான வார இதழ்த் தாள் மட்டும் வேண்டாம், லேசில் கூழாகாது.