புழு தெரிந்த பிறகு அட்டை கட்டாதீர்கள்: ஒட்டுண்ணிக் குளவி விடுவதில் நாம் செய்யும் தவறுகள்

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். குளவி ஒரு புழுவைத் தூக்கிப்போய் மண் கூட்டில் அடைப்பதையும், சில நாள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி பறந்து போவதையும் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. அவர்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் உள்ளே புழு குளவியாக மாறவில்லை. குளவி இட்ட முட்டை பொரிந்து, அதன் குஞ்சு புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வந்திருக்கிறது. வயலில் நாம் விடுகிற ஒட்டுண்ணிக் குளவிகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அவற்றில் ஒன்றான டிரைக்கோகிரம்மா ஒரு படி முன்னே போகிறது. அது பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடுவதால் புழு பிறப்பதே இல்லை.

இந்தக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய காகித அட்டையை வாங்கிப் பயிரில் கட்டியும் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லும் விவசாயிகளை நிறையப் பார்க்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் குளவி மேல் தப்பிருக்காது. மருந்து டப்பாவை நடத்துவது போல அட்டையை நடத்தியிருப்பார்கள். டப்பா அலமாரியில் காத்திருக்கும். அட்டையில் இருப்பது உயிர், அதற்கு நாள் கணக்கு உண்டு.

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறு, புழுவைப் பார்த்த பிறகு முட்டை ஒட்டுண்ணி அட்டையைத் தேடிப் போவது. கரும்பில் இடைக்கணுப் புழு துளைத்த ஓட்டையைக் கண்டதும் ஓடிப்போய் அட்டை வாங்கி வருவார்கள். அந்தப் புழு கணுவுக்குள் போய் உட்கார்ந்தாயிற்று. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள டிரைக்கோகிரம்மா அதை ஒன்றும் செய்யாது, அதற்கு வேண்டியது முட்டை. அதுவும் இட்டு ஓரிரு நாளான புது முட்டைதான் அதற்கு நன்றாகப் பிடிக்கும். உள்ளே புழு உருவாகிவிட்ட பழைய முட்டையில் அதன் வேலை அவ்வளவாக நடக்காது. அதனால்தான் கரும்புக்கு நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவை, ஏக்கருக்கு 1 சிசி (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு) வீதம், 6 தடவை கட்டச் சொல்கிறார்கள். ஒரே நாளில் 6 சிசியையும் கட்டினால் கணக்கு சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. வெளியே வரும் குளவி சில நாள்தான் உயிரோடு இருக்கும், தாய் அந்துப்பூச்சியோ மாதக்கணக்கில் வந்து முட்டை இட்டுக்கொண்டே இருக்கும்.

நெல்லிலும் இதே கதைதான். மணி பிடிக்காமல் வெளுத்த வெண்கதிர் தெரியும்போது தண்டு துளைப்பானுக்கு அட்டை கட்டுவது வீண். விளக்குப் பொறியில் அந்து விழ ஆரம்பிப்பதும், இலை நுனிப்பக்கம் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் தென்படுவதும்தான் நமக்கு அடையாளம். நட்ட 30, 37ஆம் நாள்களில் ஏக்கருக்கு 2 சிசி என்பது வழக்கமான பரிந்துரை.

அங்கேயே அடுத்த தவறும் ஒளிந்திருக்கிறது. நெல் தண்டு துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ், 37, 44, 51ஆம் நாள்களில். இரண்டு அட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும்போது எந்தப் பயிருக்கு, எந்தப் புழுவுக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

குளவி ஆள் பார்த்துத்தான் வேலை செய்யும் என்பதற்கு நம் மரவள்ளிக் காட்டை விட நல்ல பாடம் கிடையாது. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எவ்வளவு மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சியான அதற்கு இங்கே எதிரி இல்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், பூச்சி அடங்கியது. பத்து வருடம் கழித்து, 2020இல், கேரளாவில் தென்பட்ட இன்னொரு மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் மரவள்ளிக்கும் வந்தது. வெள்ளை மாவைப் பார்த்ததும் இது பழைய பூச்சிதான், அந்தக் குளவி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இது மரவள்ளி மாவுப்பூச்சி, வேறு இனம். மாவை விலக்கிப் பார்த்தால் பழையது மஞ்சள் உடம்பு, புதியது இளஞ்சிவப்பு. குருத்தைச் சுருட்டிக் கொத்தாக்கிவிடும். இதற்கு வேறு குளவி, அனகைரஸ் லோபெசி. 1980களில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் மரவள்ளியைக் காப்பாற்றிய அதே குளவி, பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. ஆகவே மாவுப்பூச்சிக்குக் குளவி வேண்டும் என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பூச்சியோடு ஒரு குருத்தைக் கிள்ளி, மூடிய டப்பாவில் போட்டு எடுத்துப்போய்க் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

அட்டையைக் கையாளும் விதத்திலும் நிறைய வீணாகிறது. அட்டையில் ஒட்டியிருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டை, ஒட்டுண்ணி உள்ளே வளர வளர மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். ஏழெட்டு நாளில் குளவி வெளியே வந்துவிடும். வாங்கிய அட்டையை பைக் டேங்க் கவரில் வெயிலில் வைத்துச் சந்தைக்கும் போய்விட்டு வந்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சில நாள் வைக்கலாம், ஃபிரீசரில் கூடவே கூடாது. காலையிலோ சாயங்காலமோ, இலையின் அடிப்பக்கம், சிறு துண்டுகளாக வயல் முழுக்கப் பரவலாகக் கட்டுங்கள். இந்தக் குளவி சில மீட்டருக்கு மேல் போய்த் தேடாது. வரப்போரம் நான்கு இடத்தில் கட்டிவிட்டு வந்தால் நடுவயலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் எறும்பு. இரவோடு இரவாக அட்டையைச் சுத்தமாக வழித்துத் தின்றுவிடும். குச்சி நட்டுக் கட்டுகிறீர்கள் என்றால் குச்சியின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

தென்னையில் கருந்தலைப் புழுவுக்கு விடும் பெத்திலிட் குளவி வேறு வகை. அது புழுவையே கொட்டி மயக்கி அதன் மேல் முட்டை இடும். புழு மேலே மட்டையில்தானே இருக்கிறது என்று மரம் ஏறிக் கொண்டையில் திறந்துவிடுவது தவறு. அங்கே சிலந்தியும் மற்ற வேட்டைப் பூச்சிகளும் காத்திருக்கும். மரத்தடியில் விட்டால் போதும், தானாக ஏறிப்போகும்.

மருந்து விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பூச்சிமருந்து அடித்த வயலில் உடனே குளவி விடக் கூடாது, விட்ட பிறகும் அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய்தானே, இயற்கைதானே என்று அட்டை கட்டிய மறுநாள் தெளிப்பவர்களுக்காக ஒன்று மட்டும்: அதற்கும் சில நாள் இடைவெளி விடுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எனக்கு மனசு வலிக்கிற தவறு இன்னொன்று உண்டு. இலையில் பழுப்பாக உப்பி, அசையாமல் கிடக்கும் மாவுப்பூச்சியைப் பார்த்து நோய் என்று நினைத்து, கிள்ளித் தீ வைத்துவிடுகிறார்கள். அதற்குள் இருப்பது குளவிக் குஞ்சு. தென்னையில் சுருள் வெள்ளை ஈயின் கூட்டுப்புழு கறுத்திருந்தாலும் இதேதான், என்கார்சியா குளவி உள்ளே வளர்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் இந்த ஈ பரவியபோது அந்தக் குளவியும் தானாகவே பெருகியது. யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. கறுத்த கூட்டுப்புழுக்கள் நிறைய உள்ள ஓலைத் துண்டைக் கொளுத்தாமல், குளவி இல்லாத மரத்தில் கட்டிவிடுங்கள்.

நான் எப்போதும் சொல்கிற ஒரு வேலை இருக்கிறது. அட்டை வாங்கிய அன்றே ஒரு சிறு துண்டைக் கத்தரித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் உள்ளே புள்ளி புள்ளியாக ஊர்ந்தால் வயலிலும் குளவி வந்திருக்கும். கறுத்த முட்டைகளில் வட்டமாகச் சின்ன ஓட்டை தெரியும். பாட்டிலில் ஒன்றும் வரவில்லை என்றால், பதினைந்து நாள் காத்திருக்காமல் அந்த வாரமே வேறு அட்டை வாங்கிக் கட்ட நேரம் இருக்கும்.