ஆளைப் பார்த்து வசதியை எடை போடும்போது நாம் செய்யும் தவறுகள்

சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பலர் கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தும் கேட்பார்கள். போன மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் வந்தார். "மாடி வீடு, வாசல்ல புது கார். நல்ல இடம்தானே தம்பி?" என்றார். "ஆர்சி புத்தகத்தில் ஹைப்போதிகேஷன் இருக்கிறதா என்று தெரியுமாக்கா?" என்று கேட்டேன். அவருக்கு அந்தச் சொல்லே புதிது. வண்டி கடனில் இருந்தால், கடன் கொடுத்தவர் பெயர் அங்கே பதிவாகியிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எல்லாம் சேர்த்து 12 லட்சம் ஆகும் கார். கையிலிருந்து 2 லட்சம், மீதி 10 லட்சம் கடன். 9 சதவீத வட்டியில் 7 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 16,100 ரூபாய் போகும். முடியும்போது கடனுக்கு மட்டும் பதின்மூன்றரை லட்சம் கட்டியிருப்பார். வாசலில் நிற்கும் காரை வைத்து நமக்கு உறுதியாகத் தெரிவது, வாங்கிய அன்று அவரிடம் 2 லட்சம் இருந்தது என்பது மட்டும்தான். செலவு கண்ணுக்குத் தெரியும், சேமிப்பு தெரியாது. பாதித் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்தது, கல்லாவைப் பார்த்து ஏமாறுவது. மளிகைக் கடையில் கூட்டம் அலைமோதுகிறது, நாளைக்கு 30,000 ரூபாய்க்கு விற்கிறது என்றால், 'மாசம் ஒன்பது லட்சமா!' என்று வாய் பிளக்கிறோம். அது விற்றுமுதல். அரிசிக்கும் எண்ணெய்க்கும் மொத்தக் கடைக்காரருக்குக் கொடுத்தது போக, கடை வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில், எலி கடித்தது, கடன் சொல்லிப் போய் திரும்பாதது எல்லாம் கழிந்த பிறகு நிற்பதுதான் வருமானம். சிறு வியாபாரிகளுக்கு வருமான வரிச் சட்டமே ஓர் உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறது. விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். வங்கி வழியாக வந்த தொகை என்றால் 6 சதவீதம் போதும். வருடம் ஒரு கோடி விற்கும் கடைக்கு அந்தக் கணக்கில் 6 முதல் 8 லட்சம் வரும். சொந்தக்காரர்கள் அந்த ஒரு கோடியை மனதில் வைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்குக் கைமாற்று கேட்டு வருகிறார்கள். இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இப்படி முறிந்த உறவுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வேலைக்குப் போகிறவர்களின் சம்பளப் பேக்கேஜும் அதே மாதிரிதான். வருடம் 12 லட்சம் என்றால் மாதம் ஒரு லட்சம் கைக்கு வராது. நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வந்தால் உண்டு என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அந்தப் 12 லட்சத்துக்குள்தான் அடங்கியிருக்கும்.

வீட்டைப் பார்த்து முடிவு கட்டுபவர்களுக்குச் செட்டிநாட்டைத்தான் காட்டுவேன். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இருக்கின்றன. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அங்கிருந்த நிலங்கள் பின்னால் கையை விட்டே போயின. வீடு மட்டும் நின்றது. இன்றைக்கு ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் தன் பங்கை மட்டும் தனியாக விற்றுக் காசாக்குவது கடினம், ஓடு மாற்றவோ சுண்ணாம்பு அடிக்கவோ எல்லோரும் சேர வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் அங்கே சாய்த்து வைத்திருக்கும். அந்த நிலைக்கதவு வழியாக உள்ளே போனவர்கள் எல்லோரும் அந்த வீட்டுக்காரரைக் கோடீஸ்வரர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்புறம், எளிமையாக இருப்பவரை இல்லாதவர் என்று நினைப்பது. எங்கள் அலுவலகத்துக்கு மஞ்சப்பையோடு ஒரு பெரியவர் வருவார். புதிதாகச் சேர்ந்த பையன் அவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு மறந்துவிட்டான். பையில் இருந்தது நான்கு கடைகளின் வாடகை ரசீதுகளும் வைப்புத்தொகைச் சான்றுகளும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பழகிப்போயிருந்தது. வசதி இல்லாதவராக இருந்திருந்தாலும் அவரை அப்படி உட்கார வைத்தது தவறுதான் என்று பையனிடம் சொன்னேன்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நன்றாக உடுத்துகிறவருக்கு ஒரு குறையும் இருக்காது என்று நாமாக நினைத்துக்கொள்வது. எங்கள் தெருவில் ஒரு டீச்சர், தனியார் பள்ளியில் வேலை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த புடவை, இரண்டு கையிலும் வளையல். தெருவில் யாருக்காவது உதவி என்றால் முதலில் அவரிடம்தான் வசூல் நோட்டை நீட்டுவோம். ஒரு நாள் மகளுக்குக் கல்விக்கடன் படிவம் நிரப்ப உதவி கேட்டு வந்தார். ஃபைலைப் பிரித்ததும் நகை அடகு ரசீதுகள் வரிசையாக விழுந்தன. சம்பளம் 14,000 ரூபாய். கணவரின் சிகிச்சைக்காக நகையெல்லாம் போயிருந்தது. கையில் இருந்தது கவரிங் வளையல். ஐந்து வருடம் அதைத் தங்கம் என்று நம்பி, அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் பிறந்தால், பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்காரர்களைத் தனியாகப் பார்க்கும்போது, "ஃபீஸ் கட்டியாச்சா?" என்று கேட்டுவிடுவேன். மாடி வீடாக இருந்தாலும் கேட்பேன்.