தமிழ்ப் புத்தகப் பட்டியலைச் சரியான அகர வரிசையில் அடுக்குவது எப்படி?

சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. எதைப் படித்தேன், எதை யார் வாங்கிப் போனார்கள் என்பதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒரு தலைப்பாக எழுதி வருகிறேன். அதைப் பைத்தான் நிரல்மொழியில் வரிசைப்படுத்தியபோது ன-வில் வரவேண்டியவை எல்லாம் ப-வுக்கு முன்னால் போய் நின்றன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி செய்தேன். பைத்தான் 3 உங்களிடம் இருக்கிறது, ஃபைலைத் திறந்து படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் சிக்கலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அம்மாப்பேட்டை, அயோத்தியாப்பட்டணம், அரிசிபாளையம், அழகாபுரம், அன்னதானப்பட்டி, அஸ்தம்பட்டி. நம் ஊர்ப் பெயர்கள் ஆறும் இப்படித்தான் வரவேண்டும். பைத்தானில் வரிசைப்படுத்தும் செயற்கூறான ‘சார்ட்டட்’ அன்னதானப்பட்டியைத் தூக்கி முதலில் வைக்கும். காரணம், கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் ந-வுக்கு அடுத்த எண்ணிலேயே ன உட்கார்ந்திருக்கிறது. ற, ழ ஆகியவையும் நம் வரிசைப்படி இல்லை. புள்ளியின் எண் எல்லா எழுத்துகளுக்கும் பிறகு வருவதால் ‘படகு’ முந்திக்கொண்டு ‘பட்டு’ பின்னால் போகும். இன்றைய தமிழ் அகராதிகளில் பொதுவாகப் பட்டுக்குப் பிறகுதான் படகு.

சரி, ஃபைலைத் திறக்கும்போது ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று என்கோடிங்கைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். விண்டோஸில் இதை விட்டால் தமிழ் குதறிப்போகும். எக்செல் வேண்டாம்; சிஎஸ்வி ஃபைலை அதில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் பல நேரம் புரியாத கிறுக்கல் எழுத்துகளாகத்தான் தெரிகிறது. நோட்பேட் போதும்.

அடுத்தது எழுத்து வரிசை. ஒரே சரமாக எழுதுங்கள்: ஒரு இடைவெளி, 0 முதல் 9, அ முதல் ஔ, ஃ, பிறகு க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன, கடைசியில் ஜ ஷ ஸ ஹ. எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விடாதீர்கள். ஓர் எழுத்து எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுதான் அதன் எண். இடத்தைத் தேட ‘ஃபைண்ட்’ பயன்படுத்துங்கள். ‘இண்டெக்ஸ்’ என்றால், பட்டியலில் ஓர் அடைப்புக்குறி வந்தாலும் நிரல் நின்றுவிடும்.

உயிர்க்குறிகளுக்கு இன்னொரு பட்டியல் வேண்டும். தனிக் குறியை மேற்கோளுக்குள் தட்டச்சு செய்தால் அது மேற்கோள் குறியோடு ஒட்டிக்கொண்டு கண்ணை வருத்தும். அதற்கு ஒரு வழி: ‘க் க கா கி கீ கு கூ கெ கே கை கொ கோ கௌ’ என்று எழுதி, இடைவெளியில் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதலில் இருக்கும் க-வை வெட்டிவிடுங்கள். புள்ளிக்கு 0, வெறும் அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2 என்று தானாக அமையும்.

இங்கேதான் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். எல்லாம் சரியாக வந்தும் கொண்டலாம்பட்டி மட்டும் கன்னங்குறிச்சிக்கு மேலே ஏறி நின்றது. ‘கொ’வைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்று. அல்லது க, எகரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டு. திரையில் இரண்டும் ஒன்றே. ‘யூனிகோட்டேட்டா’வில் உள்ள ‘நார்மலைஸ்’ஸுக்கு ‘என்எஃப்சி’ என்று சொன்னால் மூன்று துண்டு இரண்டாகிவிடும். இதைப் புத்தகப் பட்டியலுக்குச் செய்திருந்தேன். என் நிரலுக்குள் நானே எழுதிய அந்த ‘க் க கா’ வரிசைக்குச் செய்யவில்லை! அதிலிருந்த ‘கொ’ மூன்று துண்டாக இருந்தது. ஆகவே இரண்டுக்கும் நார்மலைஸ் செய்யுங்கள், பிரிப்பதற்கு முன்பே.

இனி திறவுகோல், அதாவது ஒவ்வொரு தலைப்பையும் ஒப்பிடுவதற்கான எண் வரிசை. தலைப்பை ஒவ்வொரு குறியாகப் படித்துக்கொண்டு போங்கள். எழுத்து வந்தால் அதன் எண்ணையும் 1-ஐயும் ஜோடியாகச் சேருங்கள். புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் புது ஜோடி வேண்டாம்; கடைசி ஜோடியின் இரண்டாம் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ‘பட்டு’வில் இரண்டாம் ஜோடி ட, 0. ‘படகு’வில் ட, 1. பட்டு முன்னால் வந்துவிடும். இந்தச் செயற்கூறை ‘சார்ட்டட்’டுக்குக் ‘கீ’யாகக் கொடுத்தால் முடிந்தது. மொத்தம் 20 வரிகூட வராது.

இதற்குப் பல மொழிகளையும் வரிசைப்படுத்தித் தரும் ஐசியூ என்ற நிரலகம் இருக்கிறதே என்பீர்கள். நல்ல கருவிதான், தமிழ் வரிசை அதற்குத் தெரியும். ஆனால் விண்டோஸில் பைத்தானோடு அதை நிறுவுவது பெரும்பாடு. எழுத்துகளைப் பிரிக்க மட்டும் என்றால் ஓப்பன்-தமிழ் நிரலகம் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். ‘சேலம்’ நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

வரிசை சரியான பிறகு பட்டியலைப் பார்ப்பதே சந்தோஷமாக இருக்கிறது. போன சனிக்கிழமை ஏற்காட்டுக்கு எதை எடுத்துப் போகலாம் என்று அதில்தான் தேடினேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் படிக்க முடியாது. ஏரிக்கரையில் உட்கார்ந்து பாதி முடித்தேன்.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஒருவர், கௌரி என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது என்று எழுதியிருந்தார். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ள என்ற எழுத்தும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. நார்மலைஸ் இதைத் தொடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. அவர் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றியதில் ‘வெள்ளி’ உடைந்துபோனது. பகலில் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்கு பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன் நான். அங்கே வரிக்கு வரி வெள்ளிதான். அதனால் கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் சொற்களை மட்டும் தனியாக அச்சிட்டு, மௌனம், பௌர்ணமி, கௌரி போன்றவற்றைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்துங்கள். என் பட்டியலில் ஒன்பது இருந்தன.