11ஆவது தட்டில் சிக்கிய பல்

36 வயதில் பல் வரிசையை நேராக்க அலைனர் போட்டுக்கொண்டேன்; அதாவது பற்களை மெல்ல நகர்த்த, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி அணியும் பிளாஸ்டிக் தட்டுகள். 10 தட்டுகள் வரை சிக்கல் இல்லை. 11ஆவதில், மேல்வரிசைக் கோரைப்பல்லுக்கு முன்னுள்ள சிறிய வெட்டுப்பல் மட்டும் தட்டுக்குள் முழுதாக ஏறவில்லை. பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நகக்கீற்று அளவு வெற்றிடம்.

அணியும் நேரம் போதவில்லையோ என்று நாளுக்கு 22 மணி நேரம் விடாமல் அணிந்தேன். தட்டு நன்றாகப் பதிய, மெல்லும் ரப்பர் உருளையைக் காலையும் இரவும் கடித்தேன். தட்டு பிடித்துக்கொள்வதற்காகப் பல்லின் மேல் ஒட்டிய பிசின் மேடு விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தேன்; இருந்தது. மருத்துவரைக் கேட்டு 10ஆவது தட்டுக்கே ஒரு வாரம் திரும்பினேன். அது கச்சிதமாகப் பொருந்தியது. 11ஐப் போட்டதும் மீண்டும் அதே வெற்றிடம். இப்படியே 18 நாட்கள் வீணாயின.

விடை, பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலில் இருந்தது. மற்ற இடுக்குகளில் எளிதாக இறங்கிய நூல், அந்தப் பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் இடையில் மட்டும் நுழையாமல் இழை பிரிந்தது. சற்றுச் சுழன்று திரும்ப வேண்டிய பல்லுக்கு, சுழல இடமே இல்லை!

இதைச் சொன்னதும் மருத்துவர் சிகிச்சைத் திட்டத்தைத் திறந்து பார்த்தார். அந்த இடுக்கில் 0.2 மில்லிமீட்டர் எனாமல் தேய்க்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது, விடுபட்டுப்போயிருக்கிறது. மெல்லிய உரசுபட்டையால் சில நிமிடங்களில் தேய்த்து முடித்தார். வலி இல்லை, பல் கூசியது அவ்வளவுதான். 10ஆவது தட்டை இன்னும் 4 நாட்கள் அணிந்துவிட்டு 11க்கு மாறினேன். 9ஆம் நாள் வெற்றிடம் மறைந்தது. பெரிய நிம்மதி.

நூல் சிக்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். போன எனாமல் திரும்ப வளராது.