ஆத்துமா களைத்துப்போகும்போது: எலியா நடத்தப்பட்ட விதம்

ஜெபிக்க முழங்கால்படியிட்டால் வார்த்தை வருவதில்லை, வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தைக் கண் திரும்பத் திரும்ப மேய்கிறது, ஆராதனையில் பாடினாலும் மனம் ஒட்டுவதில்லை என்கிற நிலை, ஊக்கமாக ஊழியம் செய்கிறவர்களுக்கும் வருவதுண்டு. விசுவாசம் குறைந்துவிட்டதென்று பயந்து, பலர் அந்த நேரத்தில்தான் உபவாசத்தையும் முழு இரவு ஜெபத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள். களைத்தவர் தோளில் இன்னொரு சுமையை ஏற்றும் இந்த வழி எனக்குச் சரியாகப் படவில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் தேவன் தீர்க்கதரிசி எலியாவைத் தேற்றிய வரிசை வேறு.

கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகளை வென்ற கையோடு, ராணி யேசபேலின் மிரட்டலுக்குத் தப்பி ஓடிய எலியா, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டிக்கொண்டு தூங்கிப்போகிறார். தூதன் அவரைத் தட்டியெழுப்பிக் காட்டியது, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும்தான். சாப்பிட்டு மறுபடியும் படுத்தவருக்கு இரண்டாம் முறையும் உணவே கிடைக்கிறது. கண்டனம் ஏதும் இல்லை. ஆகவே முதலில் உறக்கத்தையும் வேளாவேளைக்கு உண்பதையும் சீர்ப்படுத்துங்கள். புயலின் நடுவே இயேசுவே படகில் தலையணை வைத்து நித்திரையாயிருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தாலோ, சாகவேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, தாமதியாமல் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

உடல் சற்றுத் தேறியபின், மனதில் உள்ளதை மறைக்காமல் கொட்டுங்கள். ஓரேப் மலையில் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டபோது, எலியா ஒரே முறையீட்டை இருமுறை சொல்கிறார், இரண்டு முறையும் அது கேட்கப்படுகிறது. உங்களுக்குச் சொல்ல வார்த்தை இல்லாவிட்டால் சங்கீதம் 13ஐக் குரல்விட்டு வாசியுங்கள், ஆறே வசனம்தான். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, ஆறுதலான முடிவுரை இல்லாத ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் உண்டு.

வேத வாசிப்பைப் பொறுத்தவரை, ஓராண்டில் முழு வேதாகமம் என்கிற அட்டவணையைத் தற்காலிகமாக ஓரம் வையுங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், தேவசமுகத்தில் அமைதியாய்த் தரித்திருத்தல் என்று 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ வகுத்த நான்கு படிகள், களைத்தவருக்கு மிகவும் பொருந்தும். மத்தேயு 11:28-30ஐ எடுத்துக்கொண்டு முதல் முறை நிதானமாக வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கையில் மனதைப் பிடித்து நிறுத்தும் சொல்லோடு நின்றுவிடுங்கள். அது "நுகம்" என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் என் கழுத்தில் இருப்பது அவர் வைத்த நுகமா, மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு நானே மாட்டிக்கொண்டதா என்று கேட்டுப்பாருங்கள். கிடைக்கும் பதிலை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டு, சில நிமிடங்கள் எதுவும் கேட்காமல் அமர்ந்திருங்கள். உணர்ச்சிப் பெருக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்; பெருங்காற்றிலும் அக்கினியிலும் அல்ல, மெல்லிய சத்தத்தில்தான் எலியா தம் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த நுகக் கேள்விக்குக் கிடைத்த பதில், அநேகமாகச் சுமையைக் குறைக்கச் சொல்லும். "நான் ஒருவன் மாத்திரம்" என்ற எலியாவுக்கு, பாகாலை வணங்காத 7,000 பேர் மீந்திருப்பதாகச் சொல்லி, எலிசாவையும் தேவன் துணையாகத் தருகிறார். காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்த மோசேயிடம் அவருடைய மாமன் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னதும் (யாத்திராகமம் 18) இதே காரியத்தைப் பற்றியதுதான். சபையில் உங்கள் பொறுப்பில் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, அதில் ஒன்றை யாரிடம், எந்தத் தேதியிலிருந்து ஒப்படைப்பீர்கள் என்று போதகரோடு பேசி முடிவுசெய்யுங்கள். பொறுப்பேற்றவர் தொடக்கத்தில் சற்றுத் தடுமாறுகிறார் என்பதற்காக அதை உடனே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம்.