ஊரடங்கில் தனியாக இருப்பவர் நாளுக்குக் கரை கட்டுவது

2020 மார்ச் 25-ம் தேதி கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது 21 நாள்தான் என்றார்கள். அது நீண்டுகொண்டே போனதில், ஒற்றை அறையில் இருந்தவர்களுக்கு இன்று என்ன கிழமை என்பதே மறந்துபோனது. தனிமையில் மனசு தளர்வது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பொழுதை எதையாவது போட்டு நிரப்புவதைவிட, நாளுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வைப்பதுதான் முக்கியம்.

முதலில், தனியாக இருக்கும்போது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தைக் குறையுங்கள். பயம் உள்ளே இருக்கும்வரை நிம்மதி வராது. மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். தினமும் காலை 9 மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் கூப்பிட்டுப் பார்க்க ஒருவரிடம் சொல்லிவையுங்கள். தொற்று வந்து தனிமைப்படுத்திக்கொண்டவர்கள், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தவறாகக் காட்டும். 94-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். தூங்கும் நேரம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டைமாடியிலோ ஜன்னலோரத்திலோ இருபது நிமிடம் வெளிச்சம் படட்டும். இரவில் தூக்கம் வராததற்குப் பகல் முழுக்கத் திரை போட்ட அறையில் கிடப்பதும் ஒரு காரணம். படுக்கையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டாம்.

சமையலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு குண்டான் சாம்பார் வைத்து, மூன்றாம் நாள் அது அலுத்துப்போய், நான்காம் நாள் பிஸ்கட்டில் வந்து நிற்கும். ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி போதும். கால் டம்ளர் துவரம்பருப்பை நிறையத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். மேலே நிற்கும் தெளிவை இறுத்து ரசம் வைத்தால், அடியில் இருப்பதைக் காய் போட்டுக் கூட்டாக்கலாம். ஒரே பருப்பில் இரண்டு ருசி, மறுநாளுக்கு மிச்சமும் இல்லை. அடுப்பு மேடையிலேயே பாத்திரத்தோடு சாப்பிடாதீர்கள். தட்டு எடுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்களுக்காகவும் தட்டு வைக்கலாம்.

போனில் "சாப்பிட்டியா, நல்லா இருக்கியா" இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அம்மா காய் நறுக்கும் நேரத்தில் நீங்களும் நறுக்கிக்கொண்டே, போனை நிமிர்த்தி வைத்துப் பேசுங்கள். பேச்சு நின்றாலும் பக்கத்தில் ஆள் இருக்கும். செய்தியைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும். படுக்கப்போகும்போது வேண்டாம். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் அது. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் பொறுக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.

கண்ணெதிரே ஏதாவது வளரட்டும். வெந்தயம்தான் நல்லது, அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டியை இரவு ஊறவையுங்கள். அடியில் ஓட்டை போட்ட, மூன்று அங்குல ஆழத் தட்டில் மண்ணும் தேங்காய்நார்க் கழிவும் சரிபாதி நிரப்பி, நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். மூன்றாம் நாள் வாக்கில், மண்ணை முதுகில் தூக்கிக்கொண்டு வளைந்த வெள்ளைத் தண்டு தெரியும். விதைத்தோல் இலை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்க்காதீர்கள், தானே உதிரும். தண்ணீரைக் காலையில் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. ராத்திரி ஈரம் நின்றால் தண்டு அடியில் அழுகி மொத்தமாகச் சாயும். செடி ஒல்லியாக நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

இருபது, இருபத்தைந்து நாளில் கூட்டுக்கு நறுக்கலாம். பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு நறுக்கினால் இன்னொரு தடவை தழையும். முதல் தட்டு விதைத்த பத்தாம் நாளே அடுத்த தட்டிலும் விதைத்துவிடுங்கள்.