வெயிலூரில் கார் மாடல் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மே மாத விடுமுறையில், அக்கா மகன் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு 1/24 அளவு (நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் காரின் பாடியையும் சிவப்பு ஸ்ப்ரே கேனையும் எடுத்துக்கொண்டு போனான். மதியம் இரண்டு மணி. பத்து நிமிடத்தில் இறங்கி வந்து, "மாமா, பெயிண்ட் உப்புத்தாள் மாதிரி ஆயிடுச்சு" என்றான். வாங்கிப் பார்த்தேன். கூரையும் பானட்டும் ஒரே சொரசொரப்பு. கேனிலும் குறையில்லை, அவன் கையிலும் குறையில்லை. கேனிலிருந்து கிளம்பிய துளிகள் பாடியைத் தொடும் முன்பே காற்றில் பாதி காய்ந்து, தூளாகப் போய் உட்கார்ந்திருந்தன.

நம் ஊரை வெயிலூர் என்று நாமே சொல்கிறோம். ஆனால் கிட் பெட்டியை, அதாவது ஒட்டிக் கட்டவேண்டிய மாடல் பாகங்கள் வரும் பெட்டியைத் திறந்ததும் அதை மறந்துவிடுகிறோம். டாமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி நான்கும் ஜப்பானின் ஷிசுவோகா வட்டாரத்தைச் சேர்ந்த கிட் கம்பெனிகள். வீடியோவில் பெயிண்ட் அடித்துக் காட்டுகிறவர்களில் பலர் குளிர் நாட்டுக்காரர்கள். ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துச் சூடாக்குங்கள் என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. கத்திரி வெயிலில் வேலூரில் அது தேவையே இல்லை, ஆபத்தும் கூட. இங்கே கேனை வீட்டிற்குள் நிழலில் வைத்திருந்தாலே போதும்.

எப்போது அடிப்பது

கோடையில் எனக்குக் கிடைக்கும் நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைதான். காற்று அடங்கியிருக்கும், மாடித் தரை இன்னும் சூடாகியிருக்காது. மார்கழியில் பனி ஈரம் விலக வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கு மேல் தொடங்குவேன். சாயங்காலம் வேண்டாம். விளக்கைப் போட்டதும் வரும் சின்னப் பூச்சிகள் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. லாக்கர் (சீக்கிரம் காயும் வகை) பெயிண்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து, பளபளப்பு போய், பால் ஊற்றியது போல ஒரு வெள்ளை மூட்டம் வந்துவிடும். பயந்துபோய் மேலே மேலே அடித்தால் இன்னும் கெடும். அப்படியே காயவிட்டு, வெயில் வந்த நாளில் மெல்லிய ஒரு கோட் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் சின்னக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெயிண்டை நீர்க்கவைக்கும் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்றவற்றில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்திருக்கிறது. துளி பாடியில் விழுந்த பிறகு பரவிச் சமமாக அது நேரம் கொடுக்கும். நம் ஊர் வெயிலுக்குச் சாதாரண தின்னரைவிட இதுதான் ஒத்துப்போகிறது. ஸ்ப்ரே கேனில் அந்த வழி இல்லை. தூரத்தைத்தான் கவனிக்க வேண்டும். 15 முதல் 20 சென்டிமீட்டர். பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பாடியைக் கடந்து வெளியே போய் விட வேண்டும். கார் மேலேயே தொடங்கினால் முதல் துப்பல் அங்கே கட்டியாக விழும்.

அடித்து முடித்ததும் மின்விசிறிக்குக் கீழே வைப்பது நிறைய பேர் செய்யும் தவறு. விசிறி இறக்கையின் தூசி முழுவதும் காரில்தான் வந்து இறங்கும். பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி, காற்று போக ஓரத்தில் ஒரு குச்சியைக் கொடுத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். ஸ்ப்ரே கேனுக்குள் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது, தின்னர் ஆவியும் அப்படித்தான். சாமி விளக்கு எரியும் அறையிலோ, அடுப்பு எரியும் சமையலறைக்குப் பக்கத்திலோ அடிக்கவே கூடாது. துணி மாஸ்க், என்95 மாஸ்க் இரண்டும் தூசிக்கானவை, கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும். கிட் வாங்குமுன் அதை வாங்குங்கள் என்றுதான் அக்கா மகனிடமும் சொன்னேன்.

பெயிண்டுக்கு முன்னால் நடக்கும் தவறுகள்

காரில் தெரியும் குறைகளில் பாதி பெயிண்டுக்கு முந்தியவை. அச்சிலிருந்து பிளாஸ்டிக் சுலபமாகக் கழன்று வர ஒரு எண்ணெய்ப் பூச்சு பயன்படுத்துவார்கள். அதன் மிச்சம் பாகங்களில் இருக்கலாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகக் கழுவிக் காயவையுங்கள். கழுவிய பிறகு வெறுங்கையால் தொடுவது அடுத்த தவறு. நம் ஊரில் கை எப்போதும் வியர்த்தபடிதான் இருக்கும். அந்த வியர்வைத் தடம் பிரைமருக்கு (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடியில் போய் மாட்டிக்கொண்டு, பிறகு அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாடியைக் காலி தண்ணீர் பாட்டிலின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் நிறுத்திக்கொண்டால் தொடாமலே திருப்பித் திருப்பி அடிக்கலாம்.

கார் கிட்டில் எல்லோரும் தவறவிடுவது அச்சுக் கோடு. பாடியை வார்க்கும் அச்சு பல துண்டுகளாக இருப்பதால், அவை கூடும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். முன் மட்கார்டு மேலே, பின் கண்ணாடியை ஒட்டிய தூண்களில், பம்பர் மூலைகளில் தேடுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த பிறகு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பிளேடின் முதுகால் சுரண்டி, 600, பிறகு 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். தேய்க்கும் போக்கில் கதவுக் கோடுகள் ஆழம் குறைந்திருந்தால் பிரைமருக்கு முன்பே மீண்டும் கீறி ஆழமாக்குங்கள். பிரைமர், கலர், கடைசியில் நிறமில்லாத கிளியர் என்று அடுக்கும்போது அந்தக் கோடுகள் நிரம்பிக்கொண்டே வரும்.

இந்த வேலைக்கான கத்திக்கு வேலூர்க்காரர்கள் அலைய வேண்டாம். சி.எம்.சி. பக்கத்துச் சர்ஜிக்கல் கடைகளில் 3 எண் பிடியும் 11 எண் பிளேடும் கேளுங்கள். நல்ல கூர்மை. ஆனால் அந்த பிளேடு நெம்பினால் உடைந்து தெறிக்கும். சீவ மட்டும் பயன்படுத்துங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கிட்டில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டுவதற்கு நிப்பர் என்ற சின்ன வெட்டுக் குறடுதான். அதுவும் பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப் பள்ளம் விழும். முதலில் தள்ளி ஒரு வெட்டு, பிறகு மிச்சத்தைக் கத்தியால் சீவுவது.

பெயிண்டுக்கு முன் பாடியைச் சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) மேல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். சக்கரம், பம்பர், கண்ணாடி எல்லாவற்றையும் டேப்பால் நிறுத்திப் பாருங்கள். இறுக்கமான இடங்களை அப்போதே சீவிவிடலாம். கடைசி நாளில், பாலிஷ் போட்ட பாடியை விரித்துச் சேஸிஸைத் திணிக்கும்போதுதான் மெல்லிய தூண்கள் விரிசல் விடுகின்றன.

24-ஆல் வகுக்க மறப்பது

எனக்கு ஆம்பூரில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். தோல் வேலை தெரிந்தவர்கள். மிக மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள் சிலவற்றை ஒருவர் கொடுத்தார். உண்மையான தோலிலேயே சீட் போடலாம் என்று ஆசையாக ஒட்டினேன். காருக்குள் யானைத் தோலைப் போர்த்தியது போல இருந்தது. தோலின் தடிமன் அரை மில்லிமீட்டர். 24 மடங்கு பெருக்கினால் 12 மில்லிமீட்டர். தோலில் இருக்கும் இயற்கையான வரிகளும் அதே அளவு பெரிதாகத் தெரியும். பிறகு தோலைப் பிரித்து எடுத்துவிட்டு, பளபளப்பும் மங்கலும் இல்லாத நடுத்தர மினுக்கில் பழுப்புப் பெயிண்ட் அடித்தேன். அதுதான் தோல் மாதிரி இருந்தது.

இந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் போடலாம். நிஜக் காரின் பெயிண்ட், எல்லா அடுக்குகளும் சேர்ந்தே, ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். நம் மாடலில் அதே 0.1 மில்லிமீட்டர் ஏற்றினால், நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். கதவுக் கோடு மூடிப்போய், சின்னச் சின்ன எழுத்துகள் மழுங்கிப்போய், சோப்புக் கட்டியில் செதுக்கியது போல ஆவது இதனால்தான். ஒரே தடவையில் நிறம் நிரப்பப் பார்க்காதீர்கள். முதல் கோட் மூட்டம் போல, அடியில் இருப்பது தெரியும்படி. கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவதைத்தான் ஈரமாகப் பரவும்படி அடிக்க வேண்டும்.

நிஜக் காருக்கான டூகோ பெயிண்டை மாடலுக்கு அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மெட்டாலிக் வெள்ளி நிறத்தில் உள்ள உலோகத் துகள் நிஜக் காரில் அழகாக மின்னும், 1/24-இல் அது சரளைக்கல். தவிர, அந்தப் பெயிண்டின் கரைப்பானும், ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரும் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்னும். பிரைமர் இல்லாமல் ஈரமாக அடித்தால் மேற்பரப்பு காய்ந்த ஏரி மண் போல வெடிக்கும். என்.சி. தின்னரைக் கருவி கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுக் கோட்டில் கருப்பு இழுப்பதும் இதே கணக்குத் தவறுதான். வெள்ளைக் காரில் கன்னங்கரேலென்று கோடு போட்டால் கதவுக்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருப்பது போலத் தோன்றும். வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்குக் கருஞ்சிவப்பு போதும்.

எதன் மேல் எது

பெயிண்ட் வகைகளில் குழப்பம் வந்தால் ஒரு முழு பாடி போய்விடும். லாக்கர் மேல், மெதுவாகக் காயும் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால், அடியில் உள்ளது சுருங்கிச் சுருள்கிறது. டாமியா கேன்களில் டி.எஸ். என்று இருந்தால் நம் கிட்டின் பிளாஸ்டிக்குக்கு. பி.எஸ். என்று இருந்தால் ரேடியோ கன்ட்ரோல் கார்களின் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பாடிக்கு, அதுவும் உள்பக்கம் அடிப்பதற்கு. நிறம் பிடித்திருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்த பாடிக்கு வெள்ளை அடித்தால், சில நாளில் அடியிலிருந்து சிவப்பு கசிந்து கார் இளஞ்சிவப்பாகும். நடுவில் வெள்ளி நிறக் கோட் ஒன்று கொடுத்தால் கசிவு நிற்கும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் சாம்பல் பிரைமர் வேண்டாம், வெள்ளையோ இளஞ்சிவப்போ போட்டால்தான் நிறம் எழும்.

பசையிலும் இப்படித்தான். மாடல் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது, பெயிண்டையோ க்ரோம் முலாமையோ ஒட்டுவதில்லை. ஒட்டும் இடத்தில் மட்டும் அவற்றைச் சுரண்டிவிடுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசையை ஜன்னல் பாகத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும். ஜன்னலுக்கு வெள்ளை மரப்பசை போதும், காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும்.

போர் தண்ணீரும் டீகாலும்

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. டீகாலை, அதாவது நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்து, படத் தாளை, அதில் ஊறவைத்து ஒட்டினேன். காய்ந்ததும் ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு. இப்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வாங்குகிறேன். ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வருகிறது. டீகாலுக்கு முன் பாடி பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். அதன் மேல் முதல் கிளியர் கோட்டைக் கனமாக அடித்தாலும் டீகால் சுருங்கும். மூட்டம் போல இரண்டு, மூன்று தடவை அடித்து, பிறகுதான் ஈரமாக.

அப்புறம் காத்திருப்பது. வெளியே அடிக்கும் வெயிலில் பெயிண்ட் ஒரு மணி நேரத்தில் தொடக் காய்ந்துவிடும். உள்ளே காய்ந்திருக்காது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை கொஞ்சமாவது வந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டாதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். கிளியருக்கு நான் ஒரு வாரம் கொடுக்கிறேன். பாலிஷ் போடும்போது பானட்டின் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் கையை இலேசாக்குங்கள். பெயிண்ட் மெலிந்திருக்கும் இடங்கள் அவைதான், இரண்டு தேய்ப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும். தொடங்குமுன் அந்த விளிம்புகளில் மெல்லிய டேப் ஒட்டிவைத்தால் நிம்மதியாகத் தேய்க்கலாம்.

முடித்த காரை மேற்குச் சுவர் அலமாரியில் வைக்காதீர்கள். பிற்பகல் வெயில் கண்ணாடி வழியாக வந்தால் சிவப்பு வெளுக்கும், டீகால் மஞ்சளாகும். நிறுத்திவைத்த நிஜக் காருக்குள் கிட் பெட்டியை விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துபோகும். கட்டாமல் வைத்திருக்கும் பழைய கிட்களில் டயர்களைத் தனிப் பையில் போட்டுவையுங்கள். வினைல் டயரிலிருந்து கசியும் பொருள் நாளடைவில் பிளாஸ்டிக்கை உருக்கும். சக்கரத்தோடும் ஜன்னல் பாகத்தோடும் ஒரே பையில் கிடந்து, டயரின் அச்சு அப்படியே கண்ணாடியில் பதிந்துபோன ஒரு பெட்டி என்னிடம் இருக்கிறது. அக்கா மகன் அடுத்த விடுமுறைக்கு வந்தால் அந்தக் கண்ணாடியை 2000 எண் தாளில் தேய்த்துத் தெளியவைக்க முடியுமா என்று பார்க்கப் போகிறோம், காலை ஏழு மணிக்கு.